264 மணி நேர விழிப்பு: ராண்டி கார்ட்னர் நிகழ்வில் அளந்தவையும் அளக்காமல் விட்டவையும்

1964 ஜனவரி 8ஆம் தேதி, கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயதுப் பள்ளி மாணவர், 264 மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாகத் தொடர்ந்து விழித்திருந்த நிலையில், செய்தியாளர்களின் கேள்விகளுக்கு நாக் குழறாமல் பதில் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். அதைப் பார்த்தவர்களுக்கும் பின்னர் செய்தியாகப் படித்தவர்களுக்கும், மனிதன் பதினொரு நாள் தூங்காவிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்ற எண்ணமே மிஞ்சியது. அதே கட்டத்தில் அவரைப் பரிசோதித்த கடற்படை மருத்துவரின் குறிப்போ வேறொரு மனிதரை வருணிப்பதுபோல் இருக்கிறது. முகத்தில் உணர்ச்சி இல்லை. பேச்சில் ஏற்ற இறக்கம் இல்லை. தூண்டிக் கேட்டால்தான் பதில் வருகிறது. தொடங்கிய எளிய கணக்கு நடுவிலேயே நின்றுவிடுகிறது.

உளவியல் அறிமுகப் பாடங்களில் இந்த நிகழ்வு பெரும்பாலும் தூக்கம் பற்றிய பகுதியில் ஒரு சாதனைச் செய்தியாகத் தலைகாட்டிவிட்டுப் போய்விடுகிறது. அதை அந்த ஒரு மூலையில் ஒதுக்கிவிடுவது சரியல்ல என்பது என் கருத்து. ஒரே உடலில், ஒரே காரணத்தால், புலன்காட்சியும் கவனமும் நினைவும் வெவ்வேறு வேகத்தில் குலைந்ததை நாள்வாரியாகப் பதிவு செய்த நிகழ்வுகள் அரிது. பரிசோதித்தவர்கள் ஒருவருக்கொருவர் முரண்பட்ட முடிவுகளுக்கு வந்தார்கள் என்பதுதான் அதைவிடச் சுவையானது. அந்த முரண்பாடு ஆய்வாளர்களின் குணத்திலிருந்து பிறந்ததன்று, அவர்கள் கையாண்ட சோதனைகளிலிருந்து பிறந்தது என்பதே இந்த ஆய்வின் வாதம்.

பின்னணி

கார்ட்னரும் அவருடைய நண்பர் புரூஸ் மெக்காலிஸ்டரும் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக எடுத்துக்கொண்ட திட்டம் இது. தூக்கமின்மை அமானுஷ்ய ஆற்றலை வளர்க்குமா என்று பார்ப்பதே முதலில் அவர்களுடைய நோக்கமாக இருந்தது. அதை அளக்க வழியில்லை என்று தெரிந்ததும், அறிவாற்றலுக்கும் உடல் திறனுக்கும் என்ன ஆகிறது என்று பார்க்கலாம் எனக் கேள்வியை மாற்றிக்கொண்டார்கள். யார் விழித்திருப்பது என்பதை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்தார்கள். ஹொனலூலுவைச் சேர்ந்த ஒரு வானொலி அறிவிப்பாளர் 260 மணி நேரம் விழித்திருந்தது அப்போது சாதனையாகக் கருதப்பட்டது. அதைக் கடப்பதே இலக்கு. 1963 டிசம்பர் 28 காலை 6 மணிக்குக் கார்ட்னர் கண்விழித்ததிலிருந்து கணக்கு தொடங்கியது.

கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டிய மெக்காலிஸ்டரும் ஆரம்பத்தில் உடன் விழித்திருந்தார். மூன்று இரவுகளுக்குப் பின், தலையைச் சுவரில் சாய்த்தபடி நோட்டுப் புத்தகத்துக்குப் பதில் சுவரிலேயே குறிப்பு எழுதிக்கொண்டிருந்ததை உணர்ந்ததும், இன்னொருவர் இல்லாமல் இது நடக்காது என்று புரிந்துகொண்டார்; ஜோ மார்சியானோ என்ற மூன்றாம் மாணவர் சேர்ந்தார். ஆய்வுக் கருவியே, அதாவது கவனிக்கும் மனிதரே, ஆய்வுக்கு உட்பட்ட அதே காரணத்தால் பழுதாவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். முதல் சில நாட்களின் பதிவுகளைப் படிக்கும்போது இதை மனத்தில் கொள்வது நல்லது.

பின்னர் இருவர் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் சான் டியாகோவில் இருந்த அமெரிக்கக் கடற்படையின் நரம்பு உளமருத்துவ ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ஜான் ராஸ். மற்றவர், நாளிதழில் செய்தியைப் பார்த்துவிட்டு ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த தூக்க ஆய்வாளர் வில்லியம் டிமென்ட். ராஸ் 1965இல் தமது நரம்பியல் கண்டறிதல்களை வெளியிட்டார். டிமென்ட் பங்கேற்ற உளமருத்துவ, மூளை மின்னலை அறிக்கை 1966இல் வெளிவந்தது.

நாள்வாரியாகக் கண்டவை

இரண்டாம் நாளிலேயே கண்களை ஒரு பொருளின் மீது குவிப்பது கடினமாயிற்று. கையில் கொடுத்த பொருளைப் பார்க்காமல், தடவி இன்னதென்று சொல்வதிலும் தடுமாற்றம் தெரிந்தது. மூன்றாம் நாள் மனநிலை ஏறியிறங்கியது. உடல் ஒருங்கிணைப்பு சற்றுக் குலைந்தது. நா பிறழவைக்கும் எளிய சொற்றொடர்களைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. நான்காம் நாள் எரிச்சலும் மறதியும் கூடின. அன்றுதான் தெருவில் இருந்த பெயர்ப்பலகை அவருக்கு ஓர் ஆளாகத் தெரிந்தது. அதைத் தொடர்ந்து, தாமே பால் லோ என்னும் அமெரிக்கக் கால்பந்து வீரர் என்ற எண்ணம் சிறிது நேரம் அவரைப் பிடித்துக்கொண்டது. பால் லோ அப்போது சான் டியாகோ சார்ஜர்ஸ் அணியின் நட்சத்திரம். அந்த அணி 1964 ஜனவரி 5 அன்று தன் சொந்த நகரிலேயே இறுதிப் போட்டியில் ஆடி வென்றது. குலைந்த மனம் கட்டும் கற்பனைக்கும் மூலப்பொருள் எங்கிருந்தோ வரவில்லை, ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த பெயரிலிருந்தே வந்தது.

ஐந்தாம் நாளில், இருக்கும் அறையிலிருந்து ஒரு பாதை கிளம்பி அமைதியான காட்டுக்குள் நீள்வதுபோன்ற காட்சிகள் தோன்றின. ஆறாம் நாள் பேச்சு மெதுவாயிற்று. அன்றாடப் பொருள்களின் பெயர்கள் உடனே நாவுக்கு வரவில்லை. அடுத்த இரு நாட்களில் நாக்குழறலும் மறதியும் வளர்ந்தன. ஒன்பதாம் நாள் எண்ணங்கள் துண்டு துண்டாக வந்தன. தொடங்கிய வாக்கியங்கள் முடியாமல் நின்றன. பத்தாம் நாள், வானொலி நிகழ்ச்சி ஒன்றின் தொகுப்பாளர் தம்மை முட்டாளாகக் காட்ட முயல்கிறார் என்று சந்தேகப்பட்டார். நிகழ்ச்சியில் கேட்ட விவரங்கள் அவருக்கு நினைவுக்கு வராததே அந்தச் சந்தேகத்தின் தோற்றுவாய்.

இதே பத்தாம் நாளை ஒட்டித்தான், விடியலுக்கு முன் மூன்று மணியளவில், அவர் பின்பால் என்னும், இயந்திரப் பலகையில் பந்தை உருட்டும் ஆட்டத்தில் டிமென்டைத் தோற்கடித்தார்.

புலன்காட்சி எங்கே குலைந்தது

புலனுணர்வும் புலன்காட்சியும் ஒன்றல்ல என்பது அறிமுக வகுப்பின் முதல் பாடங்களில் ஒன்று. கண்ணில் ஒளி விழுவதும் தோலில் அழுத்தம் படுவதும் உணர்வு. அதற்குப் பொருள் கொடுத்து, இது சாவி, இது மரம் என்று கொள்வது காட்சி. இரண்டாம் நாள் தொடுகைச் சோதனையை இந்த வேறுபாட்டைக் கொண்டு படித்தால் அதன் முக்கியத்துவம் புரியும். தொட்டுப் பொருளறியும் திறன், தோலின் உணர்ச்சி மழுங்காத நிலையிலும் குறையக்கூடியது. விளிம்பு, வளைவு, கனம், சொரசொரப்பு ஆகிய தனித்தனிச் செய்திகளை ஒன்றுசேர்த்து முன்பே அறிந்த ஒரு பொருளோடு பொருத்துவது மூளையின் வேலை. கைக்கு எட்டிய செய்தி பொருளாகச் சேராமல் போனது, அதுவும் இரண்டே நாளில். பிரமைகளைப் பற்றி மட்டுமே பேசுவோர் இந்தச் சிறிய அறிகுறியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுவே பதிவின் மிக நுட்பமான வரியாகத் தோன்றுகிறது.

நான்காம், ஐந்தாம் நாட்களின் காட்சிகளையும் ஒரே பெயரில் அடக்குவது தவறு. பெயர்ப்பலகை ஆளாகத் தெரிந்தது திரிபுக் காட்சி: வெளியே ஒரு பொருள் உண்மையில் இருந்தது, மூளை அதற்குக் கொடுத்த பொருள்தான் பிழை. நிமிர்ந்த தண்டும் அதன் மேல் ஒரு பலகையும் மனித உருவத்தின் குத்துமதிப்பான வரைவுக்கு ஒத்துவரும். கண் குவியாமல் மங்கலாகத் தெரியும்போது வெளியிலிருந்து வரும் சான்று பலவீனமாகிறது. உள்ளிருக்கும் எதிர்பார்ப்பு இடைவெளியை நிரப்புகிறது. நாம் காண்பதெல்லாம் ஒருவகையில் நாமறியாமல் செய்யும் ஊகமே என்று ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே சொன்னதற்கு இது பொருத்தமான சான்று. காட்டுப் பாதையோ அப்படியல்ல. அங்கே திரிவதற்கென்று ஒரு பொருளே இல்லை. தூக்கத்தின் வாசலில் எவருக்கும் தோன்றக்கூடிய கனவுத் துணுக்கு, கண் திறந்திருக்கும்போதே நுழைந்துவிட்டது என்று கொள்வதே பொருந்துகிறது. சற்று நேரத்துக்குள்ளாவது அவை பொய்த்தோற்றங்கள் என்று கார்ட்னர் புரிந்துகொண்டார் என்பதையும் ராஸ் பதிவு செய்திருக்கிறார். உளப்பிறழ்வு ஏற்பட்டதா என்ற கேள்விக்கு இந்தத் தெளிவு முக்கியமான விடை.

இத்தகைய காட்சிகள் புதியனவும் அல்ல. 1896இல் அயோவாவில் பேட்ரிக், கில்பர்ட் என்ற இருவர் மூன்று பேரை 90 மணி நேரம் விழித்திருக்க வைத்து ஆராய்ந்தபோது, அவர்களில் ஒருவர் தரை முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கான, அசையும் துகள்களால் மூடப்பட்டிருப்பதாகக் கண்டார். 1959இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 201 மணி நேரம் விழித்திருந்த வானொலி அறிவிப்பாளர் பீட்டர் டிரிப்புக்குக் கடுமையான பிரமைகளும் சந்தேக மனநிலையும் வந்தன. ஆனால் அவர் இறுதிக் கட்டத்தில் ஊக்க மருந்து எடுத்துக்கொண்டதால், எது தூக்கமின்மையின் விளைவு, எது மருந்தின் விளைவு என்று பிரிக்க முடியாமல் போயிற்று. கார்ட்னர் அத்தகைய மருந்துகளைத் தொடவில்லை. அவருடைய பதிவுக்கு ஆய்வு மதிப்பு கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அறுபத்தைந்தில் நின்ற கணக்கு

பதினோராம் நாள் ராஸ் கொடுத்த சோதனை மிக எளியது: நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். கார்ட்னர் 93, 86, 79, 72, 65 என்று வந்தார். ஐந்து கழித்தலும் சரி. அதன்பின் பேச்சு நின்றது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டபோது, தாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே நினைவில்லை என்றார்.

இந்தக் கணக்கைச் செய்யச் செயல் நினைவில் மூன்று செய்திகளை ஒரே சமயத்தில் ஏந்தியிருக்க வேண்டும்: இப்போது எட்டிய எண், கழிக்க வேண்டிய எண், இப்படிக் கழித்துக்கொண்டே போக வேண்டும் என்ற கட்டளை. கார்ட்னர் இழந்தது மூன்றாவதை. பள்ளியில் பல ஆண்டுகளுக்கு முன் கற்ற கழித்தல் அவரிடம் பத்திரமாக இருந்தது. சில நொடிகளுக்கு முன் கேட்ட கட்டளை இல்லை. நினைவு என்பது ஒரே கிடங்கு அல்ல, பழையது உறுதியாக நிற்கும்போதே கணநேர நினைவு கரைந்துபோகலாம் என்பதைப் பக்கம் பக்கமாக விளக்குவதை இந்த ஒரு வரிசை எண்கள் காட்டிவிடுகின்றன. சோதித்தவர் விடைகளை மட்டும் பார்த்திருந்தால் ஐந்துக்கு ஐந்து என்று மதிப்பெண் போட்டிருப்பார்.

நின்றுபோன அந்தக் கணத்தில் மூளையில் என்ன நடந்திருக்கும்? நுண்துயில் என்பது ஒரு விளக்கம்: சில நொடிகளே நீடிக்கும், விழித்திருப்பவரே அறியாத தூக்கம். இன்னொரு விளக்கத்துக்கு அடிப்படை 2011இல் கிடைத்தது. நீண்ட நேரம் விழிக்க வைக்கப்பட்ட எலிகளின் மூளைப் புறணியில், எலி கண் திறந்து நடமாடிக்கொண்டிருக்கும்போதே சிற்சில நரம்பணுக் கூட்டங்கள் மட்டும் தூக்கத்தில் போல அடங்கி மீள்வதை விளாடிஸ்லாவ் வியாசோவ்ஸ்கியும் உடன் ஆய்ந்தவர்களும் விஸ்கான்சினில் கண்டார்கள். அப்படி அடங்கும் தருணம், எலி சர்க்கரை உருண்டையை எட்டி எடுக்கும் வேலையோடு பொருந்திவிட்டால் எடுப்பது தவறியது. கார்ட்னருக்கு நடந்தது இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல வழியில்லை. எனினும், விழிப்பு முழுமையாக இருக்கிறது அல்லது இல்லவே இல்லை என்ற பழைய எண்ணத்தைவிட இது அந்தப் பதிவோடு நன்றாக ஒத்துப்போகிறது.

இரு அறிக்கைகள் முரண்படுவது ஏன்

ராஸ் தெளிவான பழுதுகளைக் கண்டார்; டிமென்டுக்கோ பெரிய பழுது எதுவும் தெரியவில்லை. இப்போது பின்பாலுக்கு வரலாம். அந்த ஆட்டத்தில் பந்து ஓடுகிறது, விளக்கு எரிகிறது, மணி ஒலிக்கிறது, எதிராளி பக்கத்தில் நிற்கிறார். ஒவ்வொரு நொடியும் புதிய தூண்டல் வந்து கவனத்தை இழுத்துப் பிடிக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பதை மனத்தில் ஏந்தியிருக்கத் தேவையில்லை, கண்ணெதிரே உருளும் பந்தே அதைச் சொல்லிவிடுகிறது. அந்த நாட்களில் அவர் ஆடிய கூடைப்பந்தும் அப்படித்தான். செய்தியாளர் சந்திப்பிலும் கேள்வி வெளியிலிருந்து வருகிறது, கூட்டம் பார்க்கிறது, சாதனை முடியப்போகிறது என்ற கிளர்ச்சி வேறு. கழித்தல் கணக்குக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அமைதியான அறையில், சலிப்பூட்டும் ஒரே வேலையை, வெளித்தூண்டல் ஏதுமின்றி, உள்ளிருந்தே ஓட்டிச் செல்ல வேண்டும். தூக்கமின்மை முதலில் தாக்குவது இந்த நீடித்த கவனத்தையே என்பது பிற்கால ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் உறுதிப்பட்டது. ஆகவே டிமென்ட் கண்டதும் மெய், ராஸ் கண்டதும் மெய். முன்னவரின் சோதனைகள் பழுதை மறைக்கும் வகையின, பின்னவருடையவை அதை வெளிக்கொணரும் வகையின.

இதோடு இன்னொன்றும் உண்டு. தூங்கி எழுந்த கார்ட்னர் அதே இயந்திரத்தில் எவ்வளவு எடுத்திருப்பார் என்ற ஒப்பீடு இல்லாதவரை, வெற்றி என்பது அவருடைய திறன் குறையவில்லை என்பதற்குச் சான்றாகாது. டிமென்ட் அந்த ஆட்டத்தில் கெட்டிக்காரராக இல்லாமலும் இருந்திருக்கலாம்.

கற்றல்: கேட்கப்படாத கேள்வி

பதினொரு நாட்களில் கார்ட்னரிடம் இருந்த திறன்கள் சோதிக்கப்பட்டன. புதிதாக எதையேனும் அவரால் கற்க முடிகிறதா, கற்றது ஒரு வாரத்துக்குப் பின் நிற்கிறதா என்பதை மையமாக்கி எவரும் ஆராயவில்லை. இன்று திரும்பிப் பார்க்கும்போது நிகழ்வின் மிகப் பெரிய வெற்றிடம் இதுவே. அந்தக் கேள்விக்கான விதை அப்போதே இருந்தது: 1924இல் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தவர்கள் அதன்பின் தூங்கினால் குறைவாகவும் விழித்திருந்தால் அதிகமாகவும் மறப்பதைக் காட்டியிருந்தார்கள்.

2000ஆம் ஆண்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் உடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்ட சோதனை இந்த இடத்தில் நேராக வந்து பொருந்துகிறது. படுக்கைக் கோடுகள் நிறைந்த திரையில் கணநேரம் தோன்றி மறையும் சாய்கோடுகள் எந்த வடிவில் அடுக்கப்பட்டிருந்தன என்று சொல்ல வேண்டும். இது பயிற்சியால் கூர்மைப்படும் புலன்காட்சித் திறன். பயிற்சி பெற்ற அன்றிரவு தூங்கியவர்களிடம் பின்னர் முன்னேற்றம் தெரிந்தது. அந்த முதல் இரவு விழிக்க வைக்கப்பட்டவர்கள், அடுத்த இரண்டு இரவுகள் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் முன்னேறவில்லை. களைப்பு அகன்றுவிட்டது, ஆனால் கற்றது படியவேண்டிய இரவு கடந்துவிட்டது. தூக்கம் என்பதை ஓய்வு என்று மட்டும் கொண்டால் இந்த முடிவை விளக்கவே முடியாது. ஒரே இரவுத் தூக்கமின்மை புதிய செய்திகளை உள்வாங்கும்போது, நினைவுகளை உருவாக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப் பகுதியின் செயல்பாட்டைக் குறைக்கிறது என்று 2007இல் மேத்யூ வாக்கரின் குழு மூளைப் படமெடுப்பின் மூலம் காட்டியது. ஆக, உள்வாங்குவதும் குறைகிறது, உள்வாங்கியது படிவதும் தடைப்படுகிறது.

பத்தாம் நாள் வானொலித் தொகுப்பாளர்மீது எழுந்த சந்தேகத்தை இந்த வெளிச்சத்தில் மறுபடி படிக்கலாம். விவரங்கள் நினைவுக்கு வரவில்லை என்பதைக் கார்ட்னர் உணர்ந்தார். அதற்கான காரணத்தைத் தம் நினைவில் தேடாமல் எதிரில் பேசியவரின் நோக்கத்தில் தேடினார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மனநோயின் அறிகுறிபோலத் தெரியும். உள்ளே நடந்தது, நினைவில் விழுந்த ஓட்டைக்குக் கிடைத்த காரணத்தை வைத்து ஒட்டுப்போடும் முயற்சியாக இருக்கலாம்.

மீட்புத் தூக்கம்

கடற்படை மருத்துவமனையில் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தபடி கார்ட்னர் உறங்க வைக்கப்பட்டார். முதல் உறக்கம் ஏறத்தாழ 14 மணி 45 நிமிடம். எழுந்து, அடுத்த நாள் மாலைவரை விழித்திருந்து, பின்னர் பத்தரை மணி நேரம் தூங்கினார். இழந்த பதினொரு இரவுகளை மணிக்கணக்கில் அவர் ஈடுசெய்யவே இல்லை. ஆனால் ஈடானது எல்லாக் கட்டங்களிலும் ஒரே அளவில் இல்லை: இலேசான தூக்கக் கட்டங்களில் இழந்ததில் சுமார் 7 சதவீதமே திரும்பியது, மிக ஆழ்ந்த கட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கும், கனவுகள் செறிந்த விரைவு விழியசைவுத் தூக்கத்தில் பாதிக்குச் சற்று மேலும் திரும்பின. எதை முதலில் மீட்க வேண்டும் என்பதில் மூளைக்குத் தெளிவான முன்னுரிமை இருக்கிறது. ஒன்று, ஆறு, பத்து வாரங்களுக்குப் பின் எடுத்த பதிவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை.

இந்த நிகழ்வின் எல்லைகள்

ஆய்வுக்கு உட்பட்டவர் ஒருவர். இளைஞர், நல்ல உடல்நலத்தோடு இருந்தவர், வெற்றி பெற வேண்டும் என்ற உந்துதல் கொண்டவர். பதினொரு நாளும் இடைவிடாமல் மூளை மின்னலை பதிவாகவில்லை; எனவே 264 மணி நேரம் என்ற எண்ணுக்குள் எத்தனை நுண்துயில்கள் ஒளிந்திருந்தன என்று கணக்கிட இயலாது. இதே சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கவும் முடியாது. 1980களில் ஆலன் ரெக்ட்ஷாஃபனின் சிகாகோ ஆய்வகத்தில் முற்றிலும் தூங்கவிடாமல் தடுக்கப்பட்ட எலிகள் ஓரிரு வாரங்கள் முதல் ஒரு மாதத்துக்குள் இறந்தன. கின்னஸ் நிறுவனமும் ஆபத்தைக் கருதி இந்தச் சாதனைப் பிரிவையே கைவிட்டது.

அதனால் பிற்கால ஆய்வு, முழு விழிப்பிலிருந்து அரைகுறைத் தூக்கத்தின் பக்கம் திரும்பியது. 2003இல் ஹான்ஸ் வான் டோங்கனும் டேவிட் டிங்கஸும் உடன் ஆய்ந்தவர்களும் 48 பேரை வைத்துச் செய்த சோதனையில், இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ பதினான்கு நாட்கள் தூங்கியவர்களின் கவனத்திலும் செயல் நினைவிலும் ஏற்பட்ட சரிவு, இரண்டு இரவுகள் வரை அறவே தூங்காதவர்களின் சரிவுக்கு இணையாயிற்று. செயல்திறன் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போக, தமக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அவர்கள் தாமே கொடுத்த மதிப்பீடு மட்டும் சில நாட்களுக்குப் பின் பெரிதாக ஏறவில்லை. செய்தியாளர்கள் முன் நலமாகவே தோன்றிய ஒருவரின் நிலையை அவருடைய பேச்சைக் கேட்டு எடைபோடக் கூடாது என்பதற்கு ராஸின் கணக்குச் சோதனைக்குப் பிறகு கிடைத்த வலுவான ஆதாரம் இது.

அறுபது வயதை ஒட்டித் தமக்குக் கடுமையான தூக்கமின்மைத் தொல்லை வந்ததாகக் கார்ட்னர் 2017இல் ஒரு நேர்காணலில் கூறினார். இளமையில் செய்ததற்கான விலையாக அதை அவர் கருதினார். இடையில் நாற்பது ஆண்டுகள் கடந்திருக்கின்றன, அந்த வயதில் தூக்கம் கெடுவதும் பலருக்கு நேர்வதே. ஒருவரின் வாழ்க்கையை மட்டும் வைத்து அந்த இரண்டையும் காரணமும் விளைவுமாக இணைக்க இயலாது. பத்து வாரங்களுக்குப் பின் எல்லாம் இயல்பாக இருந்தது என்ற 1960களின் பதிவைக் கொண்டு அவர் கூற்றை மறுத்துவிடவும் இயலாது, ஏனெனில் அதற்குப் பின் வந்த ஆண்டுகளைப் பற்றி அந்தப் பதிவு எதுவும் சொல்லவில்லை.